கோவல்ஸ்கிகளின் நாட்டில்: போலந்தில் ஒரு கொல்லர் பெயரைத் தொடர்ந்து

ஜூன் 12, 2024, புதன் – லுப்லின்

லுப்லின் பழைய நகரம் அமைந்திருக்கும் குன்றின் வடக்கு அடிவாரத்தில், கோட்டைச் சதுக்கத்தை நோக்கி வளைந்து செல்லும் தெருவுக்குக் கோவல்ஸ்கா என்று பெயர். கொல்லர் தெரு என்பதே அதன் பொருள். இன்று அங்கே உலையும் இல்லை, சம்மட்டியின் ஓசையும் இல்லை. காரை உதிர்ந்த மூன்று, நான்கு மாடி வீடுகளும், ஒரு முடிதிருத்தகமும், வாடகைக்கு என்று எழுதி ஒட்டிய கண்ணாடிக் கதவுகளுமே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்தத் தெரு முழுவதும் யூதக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1941இல் ஜெர்மானியர் இதைச் சேர்த்து அடைப்புக் குடியிருப்பை உருவாக்கி, அடுத்த ஆண்டு வசந்தத்தில் அங்கிருந்தவர்களில் பெரும்பாலோரைப் பெவ்ஜெட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். தெருவின் பெயர்ப்பலகையில் கொல்லர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள்.

போலந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களில் முதலாவது நோவாக், இரண்டாவது கோவல்ஸ்கி. 1,30,000 பேருக்கும் மேல் இந்தப் பெயரைத் தாங்குகிறார்கள். ஆணுக்குக் கோவல்ஸ்கி, பெண்ணுக்குக் கோவல்ஸ்கா. மாதிரி விண்ணப்பப் படிவங்களில் நிரப்பிக் காட்டப்படும் பெயரும், செய்தித்தாள்கள் சாதாரணக் குடிமகனைக் குறிக்க எழுதும் பெயரும் ‘யான் கோவல்ஸ்கி’தான். இத்தனை பேருக்கு உரியதாக இருப்பதாலேயே அந்தப் பெயர் தனியாக ஒருவரையும் காட்டுவதில்லை. அதைத் தாங்கியவர்களில் சிலரையும், அதனோடு உறவுடைய ஊர்களையும் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்ற விருப்பம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது.

பிற்பகலில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துச் செவ்ஸ்கா தெருவில், அதாவது செருப்புத் தைப்போர் தெருவில், ஓர் அடுமனைக்குள் ஒதுங்கினேன். இங்கே கடைக்குள் நுழையும் எவரும் முதலில் ‘ஜென் தோப்ரே’ என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறார்கள். சொல்லாமல் நிற்பவரை யாரும் கடிந்துகொள்வதில்லை என்றாலும், சொன்ன பிறகு கடைக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. லுப்லினுக்கே உரிய ‘செபுலாஷ்’ வாங்கினேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதான தட்டை ரொட்டியின் மேல், பொடியாக அரிந்த வெங்காயத்தையும் கசகசாவையும் பரப்பிச் சுட்டிருந்தார்கள். வெங்காயத்தின் ஓரம் கருகி, நடுப்பகுதி இனிப்பேறியிருந்தது. விலை 6 ஸ்லோட்டி. ஒரு ஸ்லோட்டி அப்போது ஏறக்குறைய 21 ரூபாய். மழை விடும்வரை நிற்கலாமா என்று சைகையால் கேட்டபோது, கடைக்காரப் பெண்மணி பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்துவந்து ஜன்னலோரம் போட்டுவிட்டு, தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்த நாட்டில் முகத்தில் சிரிப்பைக் காணுமுன் உதவியைக் கண்டுவிடலாம் என்பதை அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் முதலில் உணர்ந்தேன்.

ஜூன் 13, வியாழன் – வொய்ச்செகூஃப்

லுப்லினுக்கு மேற்கே, சிற்றுந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய சிற்றூர் இது. போலந்தின் கொல்லர்கள் தங்கள் ஊராகக் கொண்டாடுவது இதைத்தான். 16ஆம் நூற்றாண்டில் காவலுக்கும் குடியிருப்புக்குமாக எழுப்பிய ஒரு தடித்த கோபுர வீட்டில் கொல்லுத் தொழிலுக்கென்று அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் நாடெங்கிலுமிருந்து கொல்லர்கள் இங்கே கூடி, திறந்தவெளியில் உலை மூட்டி வேலை செய்கிறார்கள். நான் ஒரு மாதம் முந்திவிட்டபடியால் ஊர் அமைதியாக இருந்தது. பூட்டுகள், மெழுகுதிரித் தாங்கிகள், கல்லறைச் சிலுவைகள், கதவுக் கீல்கள் என்று அடுக்கி வைத்திருந்தவற்றைவிட, வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பட்டறையே என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது.

அறுபது வயதைக் கடந்த ஒரு கொல்லர், சுண்டுவிரல் பருமனுள்ள இரும்புக் கம்பியை உலையில் செருகிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கம்பி முதலில் இருண்ட சிவப்பாகி, பிறகு ஆரஞ்சாகி, வைக்கோல் மஞ்சளை எட்டியதும் குறட்டால் இழுத்துப் பட்டடைக்கல்லின் கொம்புமுனையில் வைத்தார். சம்மட்டி இரண்டு முறை இரும்பின் மேல் விழுந்தால், ஒரு முறை வெறும் பட்டடையின் மேல் மெல்லத் தட்டி ஓய்ந்தது. அந்த ஓய்வில்தான் கம்பியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவர் முடிவு செய்கிறார். முனை கூர்ந்து, சுருண்டு, நத்தை ஓட்டின் வடிவம் பெற்றது. நடுப்பகுதியை மறுபடி காய்ச்சிப் பிடிகருவியில் இறுக்கி ஒன்றரைச் சுற்று முறுக்கினார். இறுதியில், இன்னும் சூடாறாத இரும்பின்மேல் தேன்மெழுகுக் கட்டியைத் தேய்த்தபோது எழுந்த புகையின் மணம் பட்டறை முழுவதும் நிறைந்தது. துருப்பிடிக்காமல் இருக்கவும் கறுப்பு ஏறவும் இப்படிச் செய்வார்களாம். சட்டை மாட்டும் அந்தக் கொக்கியை 40 ஸ்லோட்டிக்கு வாங்கிக்கொண்டேன். கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வழியாக, உங்கள் குடும்பப் பெயர் கோவல்ஸ்கியா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, தமக்குத் தெரிந்த கோவல்ஸ்கிகளில் ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் வங்கியில் இருக்கிறார் என்றார்.

அதில் வியப்பில்லை. கொல்லரின் மகன் கொல்லர் என்ற நேர்வழியில் மட்டும் இந்தப் பெயர் பரவவில்லை. போலந்தை முதலில் ஆண்ட பியாஸ்ட் மரபு மன்னர்களின் தொடக்க காலத்தில் அரச மாளிகைக்கும் கோட்டைக்கும் வேண்டிய பொருள்களைச் செய்து தருவதற்காகத் தொழில்வாரியாகக் குடியேற்றிய ஊர்கள் உண்டு. கேடயம் செய்தவர்களின் ஊர் ஷ்சிட்னிக்கி, அம்புமுனை செய்தவர்களின் ஊர் குரோட்னிக்கி, ரொட்டி சுட்டவர்களின் ஊர் பியெக்காரி, கொல்லர்களின் ஊர் கோவலே. பின்னர் அந்த ஊர்களை உடைமையாகப் பெற்ற பிரபுக்கள் ‘கோவலேக்காரர்’ என்ற பொருளில் கோவல்ஸ்கி ஆனார்கள். ‘ஸ்கி’ என்னும் முடிவுக்குப் பெருமை சேர்ந்த பிறகு நகரத்தாரும் உழவர்களும், உலையைத் தொட்டவர்களும் தொடாதவர்களும், அதே பெயரை ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே ஒரு கோவல்ஸ்கியின் முன்னோர் கொல்லராகவும் இருக்கலாம், கொல்லர்களிடம் வரி வாங்கியவராகவும் இருக்கலாம்.

ஜூன் 14, வெள்ளி – ப்வோட்ஸ்க்

வார்சாவுக்கு மேற்கே, விஸ்துலா ஆற்றின் உயர்ந்த கரைமேல் அமைந்த பழைய தலைநகரம் இது. ஆற்றைப் பார்க்கும் செங்குத்தான விளிம்பில் பேராலயமும், பின்னால் அடிவானத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளும் தெரிகின்றன. காற்று பலமாக அடித்தது. ஆனால் நான் வந்தது இந்தக் காட்சிக்காக அல்ல. ஒரே காலகட்டத்தில், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு கோவல்ஸ்கி வாழ்க்கைகள் இந்த ஊரில் நடந்திருக்கின்றன.

முதலாவது, பழைய சந்தைச் சதுக்கத்தின் ஓரத்திலுள்ள கன்னியர் மடம். 1930ஆம் ஆண்டு இங்கே அனுப்பப்பட்ட அருட்சகோதரி ஹெலெனா கோவல்ஸ்கா, மடத்தில் ஏற்ற பெயரால் மரியா பவுஸ்தீனா, சமையலறையிலும் அடுமனையிலும் வேலை செய்தார். மடத்தின் ரொட்டிக் கடையில் நின்று விற்பனையும் செய்தார். 1931 பிப்ரவரி 22 அன்று இரவு, வெண்ணிற ஆடையில், இதயத்திலிருந்து சிவப்பும் வெண்மையுமாக இரண்டு கதிர்கள் பாயும் இயேசுவைத் தமது அறையில் கண்டதாகவும், அந்த உருவத்தை வரையச் சொல்லித் தமக்குக் கட்டளை வந்ததாகவும் பின்னர் நாட்குறிப்பில் எழுதினார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் ‘இறை இரக்க ஆண்டவர்’ என்று மாட்டியிருக்கிறார்களே, அந்தப் படத்தின் தொடக்கம் இந்த இடம்தான். பள்ளியில் மூன்று ஆண்டுகள்கூட முழுமையாகப் படிக்காத, மாவு பிசைந்த ஒரு பெண்ணின் சொல், பாளையங்கோட்டை வரைக்கும் சுவரேறியிருக்கிறது. நான் போனபோது ஐந்தாறு மூதாட்டிகள் முழந்தாளிட்டிருந்தார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டு, எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் தம் கைப்பையிலிருந்து ஒரு சிறிய படத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

இரண்டாவது இடம் காசிமிர் மன்னர் தெருவில் உள்ள மரியாவித்தேக் கோயில். 1911க்கும் 1914க்கும் இடையில் கட்டிய இதன் பெயர் ‘இரக்கமும் அன்பும் கொண்ட ஆலயம்’. பவுஸ்தீனாவுக்கு நெடுங்காலம் முன்பே, 1893இல், இதே ஊரில் மரியா பிரான்சிஸ்கா கோஸ்வோவ்ஸ்கா என்னும் துறவி, தாமும் இறை இரக்கம் பற்றிய காட்சியைக் கண்டதாகச் சொல்லி மரியாவித்தே என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ரோம் அதை ஏற்கவில்லை. 1906இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பெயர் சுட்டி விலக்கி வைத்தவர்கள் இருவர். ஒருவர் கோஸ்வோவ்ஸ்கா, மற்றவர் அவருடைய சீடரான குரு யான் கோவல்ஸ்கி. ஆம், படிவங்களில் வரும் அதே பெயர்.

இந்த யான் கோவல்ஸ்கி 1909இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ரோமிலிருந்து பிரிந்த ‘பழைய கத்தோலிக்கர்’ சபையிடம் ஆயர் பட்டம் பெற்றார். 1921இல் கோஸ்வோவ்ஸ்கா இறந்த பிறகு இயக்கத்தின் முழுத் தலைமையும் அவரிடம் வந்தது. குருக்களும் கன்னியரும் மணம் செய்யலாம் என்றார். 1929இல் பெண்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்தினார். மடத்தைச் சேர்ந்த பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1936 முதல் 1938 வரை சிறையிலும் இருந்தார். பெண்களைப் பலிபீடத்தில் நிறுத்தியதை மட்டும் எழுதி இதை விடுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். 1935இல் சொந்தச் சபை ஆயர்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் தம்மைப் பின்பற்றியவர்களோடு பக்கத்திலுள்ள ஃபெலிட்சியானூஃப் என்ற ஊருக்குப் போய்த் தனிச் சபை அமைத்தார். 1940இல் ஜெர்மானியர் கைது செய்து, பின்னர் டாஹாவ் முகாமில் அடைத்து, 1942 மே மாதம் ஆஸ்திரியாவின் ஹார்த்ஹைம் மாளிகையில் கொன்றார்கள்.

பவுஸ்தீனா ரொட்டி விற்ற அந்த ஆண்டுகளில் ஆயர் கோவல்ஸ்கி இந்த ஆலயத்தில் ஆட்சி செய்துகொண்டிருந்தார். இருவரும் உறவினர் அல்லர். இருவரும் ‘மரியா’ என்ற துறவுப் பெயரை ஏற்றுக் குடும்பப் பெயரைப் பின்னுக்குத் தள்ளியவர்கள். இருவர் வாயிலும் ஒரே சொல், இரக்கம். ஒருவரைத் திருச்சபை வெளியேற்றியது, மற்றவரைப் பீடத்தில் ஏற்றியது. ஆலயத்தின் உள்ளே பத்து நிமிடம் தனியாக அமர்ந்திருந்தேன். காவலாளர் வந்து, பூட்டும் நேரம் ஆகிவிட்டது என்றும், ஆனால் நிலவறையில் கோஸ்வோவ்ஸ்காவின் கல்லறையைப் பார்க்க விரும்பினால் காத்திருப்பதாகவும் சொன்னார். பார்த்துவிட்டு வந்து காணிக்கை நீட்டியபோது உண்டியலைக் காட்டினாரே தவிர, கையில் வாங்கவில்லை.

இரவு உணவுக்குக் குளிர்ந்த பீட்ரூட் சூப்பான ‘ஹ்வோத்னிக்’ சாப்பிட்டேன். இளஞ்சிவப்பு மோரில் வெள்ளரியும், முள்ளங்கியும், சதகுப்பை என்னும் மணமுள்ள சோயிக் கீரையும் மிதக்க, மேலே அரை முட்டை. 24 ஸ்லோட்டி. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் குறையவில்லை.

ஜூன் 15, சனி – கோவல்

பெயரே கொல்லன் என்றிருக்கும் ஊருக்குப் போகும் வழி இன்று நன்றாகச் சோதித்தது. கொஸ்தினின் வரை பேருந்து வந்தது. அங்கிருந்து கோவலுக்குச் செல்லும் பேருந்தின் நேரத்துக்குப் பக்கத்தில் அட்டவணையில் ‘எஸ்’ என்ற சிறிய எழுத்து இருந்தது. பள்ளி நாள்களில் மட்டும் ஓடும் என்பதற்கான குறி அது. நிறுத்தத்தில் துப்புரவு செய்துகொண்டிருந்த பெண்மணி அந்த எழுத்தைத் துடைப்பக்கட்டையால் தொட்டுக் காட்டி, இன்று சனிக்கிழமை என்று விரல்மடக்கி விளக்கினார். போலந்தின் சிற்றூர்களுக்குப் போக நினைப்பவர்கள் அட்டவணையில் நேரத்தைப் பார்க்குமுன் அந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் மாவட்டமே பேருந்தில்லாமல் போய்விடுகிறது.

தூறலில் ஒரு மணி நேரம் நின்றபின், பெட்ரோல் நிலையத்தில் பேசிப் பார்த்ததில் ஒரு முதிய தம்பதியர் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பின்னிருக்கையில் பாதியை ஸ்ட்ராபெரிக் கூடைகள் நிறைத்திருந்தன. இது அதன் பருவம், சாலையோரங்களில் கிலோ 12 ஸ்லோட்டிக்கு விற்றார்கள். அந்த அம்மையார் வழி நெடுகத் திரும்பித் திரும்பி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டே வந்தார். வேண்டாம் என்று சொல்லும் போலிஷ் சொல் எனக்குத் தெரிந்திருந்தும் பயன்படவில்லை. பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தபோது கணவர் என் கையை மடக்கி அனுப்பினார்.

கோவல் மூவாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் சின்னஞ்சிறு நகரம். 1310 ஏப்ரல் 30 அன்று இங்கே பிறந்தவர், போலந்து வரலாற்றில் ‘பெரிய’ என்ற அடைமொழி பெற்ற ஒரே மன்னரான மூன்றாம் காசிமிர். மரத்தால் ஆன போலந்தைப் பெற்றுக் கல்லால் ஆன போலந்தை விட்டுச் சென்றவர் என்று இங்கே குழந்தைகளும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் பிறந்த கோட்டையின் கல் ஒன்றும் மிஞ்சவில்லை. மன்னருக்குச் சிலை இருக்கிறது. கொல்லருக்கு ஊரின் பெயர் இருக்கிறது. மன்னர்களுக்குக் குடும்பப் பெயர் தேவைப்படாத காலம் அது. தேவைப்பட்டிருந்தால் பிறந்த ஊரை வைத்து அவரையும் கோவல்ஸ்கி என்றே அழைத்திருக்க வேண்டும். இந்த எண்ணம் ஊரைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் என்னுடனேயே வந்தது.

மதிய உணவு பன்றி இறைச்சிக் கட்லெட், சோயிக் கீரை மணமுள்ள உருளைக்கிழங்கு, புளித்த பாலேட்டில் ஊறிய வெள்ளரிக்காய், வேகவைத்த பழச்சாறு ஒரு குவளை. மொத்தம் 36 ஸ்லோட்டி. நான் நீட்டிய 50 ஸ்லோட்டித் தாளில் முடிசூடிய தாடிக்காரர் ஒருவரின் முகம் இருந்தது. பரிமாறிய இளைஞர் அதை வாங்கி, முகத்தைச் சுட்டு விரலால் தட்டி, பிறகு தரையைக் காட்டினார். காசிமிர்தான் அந்தத் தாளில் இருக்கிறார். இந்த ஊரார் ஒவ்வொரு முறை சில்லறை மாற்றும்போதும் தங்கள் ஊர்ப்பிள்ளையைக் கைமாற்றுகிறார்கள்.

ஜூன் 16, ஞாயிறு – குவோகோவியெட்ஸ்

நேற்றிரவு வெஞ்சிட்சா நகரில் தங்கினேன். போலந்தில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் திறக்கச் சட்டம் இடம் தருவதில்லை. காலையில் ஊர் முழுவதும் சுற்றியும் தண்ணீர்ப் புட்டியும் இரண்டு பழைய பன்னும் மட்டுமே கிடைத்தன. விடுதி உரிமையாளர் திருப்பலிக்குச் செல்வதாகச் சொல்லி ஷ்வினிட்சே வார்ட்ஸ்கியே வரை தம் காரில் அழைத்துச் சென்றார்.

அங்கே புனித காசிமிர் ஆலயத்தில்தான் ஹெலெனா கோவல்ஸ்காவுக்கு 1905 ஆகஸ்டு 27 அன்று திருமுழுக்குக் கொடுத்தார்கள். இந்தக் காசிமிர் கோவலில் பிறந்த மன்னர் அல்லர், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த இளவரசர். ஆலயத்தில் நிற்க இடமில்லை. எனக்கு முன்னால் நின்ற இளைஞர் திரும்பிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல், தூண் ஓரமாகச் சாய்ந்து நிற்க எனக்கு இடம் விட்டார்.

திருப்பலிக்குப் பிறகு கோதுமை வயல்களின் நடுவே நடந்து குவோகோவியெட்ஸ் சேர்ந்தேன். சுண்ணாம்புக் கல்லால் கட்டிய தாழ்ந்த வீடு. ஹெலெனா பத்துப் பிள்ளைகளில் மூன்றாவதாக இங்கே பிறந்தார். தந்தை ஸ்தனிஸ்வாவ் கோவல்ஸ்கி நிலத்தை உழுதவர், தச்சு வேலையும் செய்தவர். கொல்லர் பெயரைத் தாங்கிய குடும்பத்தில் தச்சர். வொய்ச்செகூஃபின் கொல்லர் சொன்னதை இந்த வீட்டின் கூரை விட்டத்தைப் பார்த்தபோது முழுமையாகப் புரிந்துகொண்டேன். அறைகளின் அளவு இத்தனை பேர் எங்கே படுத்திருப்பார்கள் என்று கேட்க வைத்தது. கோயிலுக்குப் போகும்படியான ஆடை போதாததால் சகோதரிகள் முறைவைத்துத் திருப்பலிக்குப் போனார்கள் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். பதினாறு வயதில் ஹெலெனா வீட்டு வேலைக்காக வெளியூர் போனார். 1925இல் வார்சாவில் மடத்தில் சேர்ந்தார்.

பிற்பகல் மூன்று மணி நெருங்கியது. இறை இரக்கப் பக்தியில் இயேசு உயிர்விட்ட நேரமாகிய அந்த மணிக்குத் தனிச் சிறப்பு உண்டு. நம் ஊர்ப் பங்குகளிலும் இதே மணிக்கு ‘இறை இரக்கச் செபமாலை’ சொல்வதை அறிவேன். முற்றத்தில் முப்பது பேர் போலக் கூடினார்கள். அதே மணிக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தில் போலந்தும் நெதர்லாந்தும் மோதத் தொடங்கின. சாலையில் நின்ற கார்களில் வெள்ளையும் சிவப்புமான சிறு கொடிகள். செபம் பாதியில் இருக்கும்போது அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து பெரும் கூச்சல் எழுந்தது. போலந்து முதல் கோலைப் போட்டுவிட்டது. முற்றத்தில் இருந்த எவரும் திரும்பவில்லை, ஆனால் வயதான ஒருவரின் குரல் செபமாலையின் அடுத்த மணியில் உரத்துவிட்டதைக் கேட்டேன். செபம் முடிந்ததும் அவரே கைப்பேசியை எடுத்து எல்லோருக்கும் ஆட்ட நிலவரத்தைச் சொன்னார். ஆட்டம் 2–1 என்று நெதர்லாந்துக்குப் போனது. திரும்பும் வழியில் வாடகைக் காரோட்டி ஒரு சொல்லும் பேசவில்லை. கட்டணம் 130 ஸ்லோட்டி, இந்தப் பயணத்தில் மனம் கசந்து கொடுத்த ஒரே தொகை அது.

ஜூன் 18, செவ்வாய் – கிராக்கோவ்

கோவலில் பிறந்த மன்னரும், குவோகோவியெட்ஸில் பிறந்த தச்சர் மகளும் இந்த நகரத்தில்தான் அடங்கியிருக்கிறார்கள்.

வாவெல் பேராலயத்தில் காசிமிரின் கல்லறை சிவந்த பளிங்கால் ஆனது. 1869இல் பழுதுபார்க்கும் வேலையின்போது அது எதிர்பாராமல் திறந்துகொண்டது. உள்ளே மன்னரின் எலும்புகளும், முடியும், செங்கோலும் தெரிந்தன. அப்போது போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்குபோட்டிருந்தன. அடக்கமாகி ஐந்நூறு ஆண்டுகளை எட்டிய ஒரு மன்னருக்கு நகரத்தார் மறுபடியும் இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். அவர் 1364இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில், பிற்காலத்தில் அரபி, துருக்கி மொழிகளின் ஆய்வை வளர்த்த பேராசிரியரின் பெயர் ததேவுஷ் கோவல்ஸ்கி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

60 நிமிடத்துக்கான 6 ஸ்லோட்டிச் சீட்டுடன் டிராமில் தெற்கே வாகியெவ்னிக்கி சென்றேன். இந்த இடமும் பெயரளவில் ஒரு தொழிற்குடியிருப்புதான். நீரும் மதுவும் எடுத்துச் செல்லும் குடுவைகளைச் செய்தவர்களின் ஊர். பவுஸ்தீனா இங்கே காசநோயால் 1938 அக்டோபர் 5 அன்று, 33 வயதில் இறந்தார். பக்தியைப் பரப்பக் கூடாது என்று 1959இல் ரோம் விதித்த தடை 1978இல்தான் நீங்கியது. அதற்காகப் பாடுபட்ட கிராக்கோவ் பேராயர் கரோல் வோய்த்திவா, போர்க்காலத்தில் இதற்குப் பக்கத்திலிருந்த சோல்வே ஆலையில் தொழிலாளியாக இருந்தவர். அவரே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாகி, 2000 ஏப்ரல் 30 அன்று பவுஸ்தீனாவைப் புனிதராக அறிவித்தார். கோவலில் காசிமிர் பிறந்ததும் ஓர் ஏப்ரல் 30.

மடத்துச் சிற்றாலயத்தில் தொங்குவது அடோல்ஃப் ஹிவா போர்க்காலத்தில் வரைந்த படம். நம் வீடுகளில் இருப்பது இதன் படிகள்தான். பவுஸ்தீனா உயிரோடிருந்தபோது 1934இல் வில்னியுஸில் வரைந்த முதல் படத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. நெருங்கிப் பார்க்கையில் நம் அச்சுப்படங்களில் காணாத ஒன்றைக் கண்டேன். கதிர்களின் வெண்மை வெறும் வெள்ளையல்ல, நீலம் கலந்த சாம்பல். மக்கள் வரிசையாக வந்து, தொட்டு, போய்க்கொண்டே இருந்தார்கள். அந்தப் புனிதரின் பெயருக்குப் பின்னால் கோவல்ஸ்கா என்று போலிஷ் மக்கள் இன்றும் விடாமல் சொல்கிறார்கள். நம் ஊரில் அது உதிர்ந்துவிட்டது. உதிர்ந்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தப் பெயரோடு சொல்லும்போதுதான் அவர் யாருடைய மகள் என்பது தெரிகிறது.

வெளியே 3.50 ஸ்லோட்டிக்கு எள் தூவிய வளைய ரொட்டி வாங்கித் தின்றேன். வெயில் 30 பாகையைத் தாண்டியிருந்தது.

ஜூன் 19, புதன் – காசினா வியெல்கா

கிராக்கோவுக்குத் தெற்கே தனித்தனிக் குன்றுகள் நிற்கும் பெஸ்கித் மலைப்பகுதி. சிற்றுந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுத்தது. இங்கே வந்தது ஒரு கோவல்ச்சிக்குக்காக. கொல்லரின் மகன் அல்லது கொல்லரிடம் தொழில் பழகும் பையன் என்று பொருள்படும் அந்தப் பெயர் கோவல்ஸ்கியின் நெருங்கிய உறவு. இதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. பனிச்சறுக்கு நெடுந்தூர ஓட்ட வீராங்கனை யுஸ்தினா கோவல்ச்சிக் வளர்ந்த ஊர் இதுதான். 2010இல் வான்கூவரில் 30 கிலோமீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் பெற்ற முதல் போலிஷ் பெண்ணானார். 2014இல் சோச்சியில், சில வாரங்களுக்கு முன் முறிந்த கால் எலும்போடு, 10 கிலோமீட்டரில் மறுபடி தங்கம் வென்றார். உலகக் கோப்பைத் தொடரை நான்கு பருவங்களில் தமதாக்கினார்.

கோடையில் சறுக்குமலை வெறும் புல்சரிவு. நாற்காலி இழுவைக் கம்பிகளின் கீழே ஆடுகள் மேய்ந்தன. ஊர்க் கடையில் புகையூட்டிய ஆட்டுப்பால் கட்டியைச் சுட்டு, குருதிநெல்லிக் கூழோடு தந்தார்கள். 8 ஸ்லோட்டி. கடித்தால் பல்லில் கிறீச்சிடுகிறது, உப்பு தூக்கல். கடைக்கார அம்மாள் யுஸ்தினாவைப் பற்றிக் கேட்டதும் அடுப்பை விட்டு வெளியே வந்து, இந்தச் சாலை, அந்தச் சரிவு, மழையிலும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பெருமை அவருக்கு வெற்றியைப் பற்றியதாக இல்லை, அத்தனை விடியற்காலைகளைப் பற்றியதாக இருந்தது.

மாலைச் சிற்றுந்தில் திரும்பும்போது, வளைவைத் தாண்டியதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். முன்னால் சாலையில் இரண்டு சிறுமிகள் சக்கரம் வைத்த குட்டையான சறுக்குப் பலகைகளில், இரு கைகளிலும் ஊன்றுகோலைக் குத்திக் குத்தி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முந்திச் செல்ல இடம் இருந்தும் ஓட்டுநர் ஒலிப்பானைத் தொடவில்லை, மேடு முடியும் வரை அவர்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். பயணிகளில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உச்சிக்கு வந்ததும் சிறுமிகளில் மூத்தவள் ஒதுங்கி நின்று கையை உயர்த்தி வழிவிட்டாள். கிராக்கோவ் சேர நாற்பது நிமிடம் தாமதமாயிற்று.